வலே மலை வைனில் கல்லின் ருசி வருமா?

கேள்வி, 2023 அக்டோபர் 7

அண்ணா, சூரிச்சில் ஒரு நண்பர் வீட்டில், சுவிஸின் தெற்கிலுள்ள வலே மாநிலத்து வெள்ளை வைன் குடித்தேன். போத்தலின் பின்பக்கத்தில் "சிலேட் பாறையின் ருசி" என்று போட்டிருந்தது. குடித்தபோது நாக்கிலும் ஏதோ கல்லை நக்கினது மாதிரித்தான் பட்டது. வேர் பாறைக்குள் போய் உறிஞ்சுவதுதானே பழத்துக்கு வரும்? நீங்கள் அங்கே தோட்டத்தில் வேலை செய்கிறவர், சொல்லுங்கள்.

2023 அக்டோபர் 8

வராது தம்பி. வேர் பாறையைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம் போன்றவற்றைத்தான் எடுக்கும். அவை எல்லா மண்ணிலும் இருக்கின்றன. வைனுக்குள் வந்து சேரும் அளவும் நாக்குக்குத் தெரியாத அளவு. சிலேட் துண்டு ஒன்றைக் கழுவி வாயில் வைத்துப் பாருங்கள், அதற்கென்று ஒரு ருசியும் இல்லை.

மண்ணுக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறைய இருக்கிறது. இந்த வாரம் ஆர்வீன் (முழுப் பெயர் பெத்தித் ஆர்வீன்) என்ற வெள்ளைத் திராட்சையின் பறிப்பு நடக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன். அந்தப் போத்தல் எந்த வகை என்று மட்டும் சொல்லுங்கள்.

2023 அக்டோபர் 22

பறிப்பு முடிந்தது. மண்ணுக்கு முன்னால் மழையைச் சொல்ல வேண்டும். வலேயில் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

வலேயை இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய நீண்ட தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ரோன் ஆறு. வடக்கே பேர்ண் அல்ப்ஸ், தெற்கே இத்தாலி எல்லையில் மற்றர்ஹோர்ன் நிற்கும் வரிசை. இரண்டிலும் 4000 மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் உண்டு. வடக்கிலிருந்து வரும் மேகம் பேர்ண் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். தெற்கிலிருந்து வருவது இத்தாலிப் பக்கம் கொட்டிவிடும். எங்களுக்கு மிச்சம்தான். சியோன் நகரில் வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதில் ஏறத்தாழப் பாதி. சியோனின் வாலேர் குன்றில் நாகதாளி தானாக வளர்ந்து கிடக்கிறது. பனிமலைக்குக் கீழே நாகதாளியைப் பார்த்த முதல் நாள் நான் வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். ஊரில் வேலியோரம் நின்ற அதே செடி.

பிரிக் நகரிலிருந்து மார்தினி வரை ஆறு ஏறக்குறைய மேற்கு நோக்கி ஓடுகிறது. அதனால் வலது கரைச் சரிவு முழுக்கத் தெற்கைப் பார்த்து நிற்கிறது. வலேயின் கொடிகளில் பெரும்பகுதி அந்தக் கரையில்தான். செப்டம்பர் 23 வாக்கில் இங்கே நடுப்பகல் சூரியன் வானத்தில் 44 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். சமதரையில் அந்த வெயில் சாய்ந்து விழுந்து பரவிப்போகும். 40 பாகைச் சரிவில் நேராக விழும். அதே வெயில்தான், ஆனால் ஒரு சதுர மீற்றருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. பழம் பழுக்கிற கடைசி வாரங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஃபோன் என்று இங்கே சொல்லும் மலைக்காற்று. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஒரு பாகை அளவில் சூடாகிக்கொண்டே வரும். கீழே வந்து சேரும்போது காய்ந்த சூட்டுக் காற்று. அக்டோபரிலும் பழத்தைப் பழுக்க வைக்கும், மழைக்குப் பிறகு குலையை உலர்த்திப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். வசந்தத்தில் அடித்தால் இளம் தளிரை முறித்தும் போட்டுவிடும். ஆர்வீன் தளிர்தான் முதலில் முறியும்.

இரவில் மலையிலிருந்து குளிர் இறங்கும். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைச் சூடான இரவு எரித்துவிடும், குளிர்ந்த இரவு காப்பாற்றி வைக்கும். பகலில் சீனி ஏறி, இரவில் புளிப்புத் தங்குகிறது. மலை வைனில் எனக்குப் பிடித்தது இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான்.

2023 அக்டோபர் 23

நேற்று எழுதியதில் பிழை. 40 பாகை என்று போட்டது சதவீதத்தைப் பாகையாக நினைத்ததால். இங்கே எல்லோரும் சரிவைச் சதவீதத்தில்தான் பேசுவார்கள். 40 முதல் 60 சதவீதம் என்றால் 22 முதல் 31 பாகை. திரும்பக் கணக்குப் போட்டேன். சமதரையைவிட வெயில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கூடுதல். ஒன்றரை மடங்கு இல்லை. சொன்ன விஷயம் மாறவில்லை.

2023 நவம்பர் 12

இப்போது கல்லுக்கு வரலாம். மழை ஓய்ந்த ஞாயிறு, எழுத நேரம் இருக்கிறது.

மார்தினியிலிருந்து கிழக்கே 50 கிலோமீற்றர் போவதற்குள் பாறை பல தடவை மாறிவிடும். ஃபுல்லி ஊரில் கருங்கல்லும் நைஸ் என்ற வரிப்பாறையும், மேலே காற்று கொண்டுவந்து படியவைத்த மெல்லிய மண். பெத்தித் ஆர்வீனுக்குப் பேர்போன இடம். ஷமோசோன் ஒரு பெரிய விசிறி. மலைவெள்ளம் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய சரளைக் கல். அங்கே ஜொஹானிஸ்பெர்க், அதாவது சில்வானர் வகைத் திராட்சை, நன்றாக வரும். பக்கத்தில் வெத்ரோவில் கறுப்புச் சிலேட் நொறுங்கல். அங்கே ஆமீஞ் என்ற வகை. உலகத்திலுள்ள ஆமீஞ் கொடிகளில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரில்தான். இனிப்பு எவ்வளவு என்று காட்ட ஒன்று முதல் மூன்று தேனீ வரை போத்தலில் போடுவார்கள். இன்னும் கிழக்கே சியேர், சால்கெஷ் பக்கம் சுண்ணாம்புக்கல். அங்கே பினோ நுவார்.

இதையெல்லாம் கேட்டால் "பார்த்தீர்களா, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ருசி" என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. 2015ல் ஒரு நாள் முதலாளி ஆறு குவளை ஆர்வீன் ஊற்றி வைத்தார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆர்வீனுக்குக் கடைசியில் நாக்கில் ஒரு உப்புத் தட்டும். அந்த உப்பு ஃபுல்லியின் கருங்கல்லால் வருகிறது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். உப்பு அதிகம் தெரிந்த குவளையைக் காட்டி ஃபுல்லி என்றேன். அது சியேர் பக்கம், சுண்ணாம்பு மண். ஃபுல்லிக் குவளை இரண்டு தள்ளி இருந்தது, அதிலும் உப்பு இருந்தது. ஆறிலும் இருந்தது. அப்போதுதான் விளங்கியது, உப்பு கொடியின் குணம். கல்லின் குணம் இல்லை.

அப்படியென்றால் ஆர்வீனை ஏன் ஃபுல்லியில் வைத்தார்கள்? தாகம் தாங்காத கொடி அது. பழுக்கவும் நாள் எடுக்கும். ஃபுல்லியின் அந்த மெல்லிய மேல்மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சரிவோ நல்ல சூடு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. சிலேட் தண்ணீரை உடனே விட்டுவிடும், ஆனால் கறுப்பு, பகலில் குடித்த வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கும். நவம்பர் மாலையில் அந்தக் கல்லைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஈரத்தை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

ஆக, கல்லைப் பார்த்தால் நான் இப்போது இரண்டு கேள்விதான் கேட்பேன். எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கும்? எவ்வளவு சூடு வைத்திருக்கும்?

2023 நவம்பர் 14

வலேயில் மிக உயரத்தில் எங்கே விளைகிறது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். விஸ்பர்டெர்மினென். ஜேர்மன் மொழி பேசும் மேல் வலேயில். கொடிகள் 650 மீற்றரில் தொடங்கி 1150 மீற்றர் வரை ஏறும். 100 மீற்றருக்கு 0.6 பாகை குறையும் என்றால் அடிக்கும் உச்சிக்கும் 3 பாகை வித்தியாசம். அங்கே ஹைடா என்ற வகை. பிரெஞ்சுப் பக்கம் அதையே பையான் என்பார்கள். பிரான்ஸின் ஜூரா மலையில் மஞ்சள் வைன் செய்கிற சவஞானும் இதுவும் ஒன்றேதான்.

பெயர்களை நம்பாதீர்கள். சியோனைச் சேர்ந்த மரபணு ஆய்வாளர் ஜோசே வுயாமோஸ் போன்றவர்கள் பார்த்த பிறகுதான் பல உறவுகள் தெரிந்தன. எங்கள் கோர்னலான் என்ற சிவப்பு வகையின் தாய் தகப்பன் இரண்டும் மலைக்கு அப்பால் இத்தாலியின் ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கில். கொடி கணவாய் தாண்டி வந்திருக்கிறது.

2023 டிசம்பர் 10

இந்த வாரம் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பழைய முறை வாய்க்கால் பாசனத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுவிஸோடு இன்னும் சில ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து கேட்டது. கேட்டவுடன் எழுத வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் முதல் குறிப்புகளில் நான் விட்டுவிட்ட பெரிய விஷயம் இதுதான்.

600 மில்லிமீற்றர் மழையும் தண்ணீர் நிற்காத கல்லும் சேர்ந்தால் கொடி கருகிப் போகும். அப்புறம் எப்படி விளைகிறது? பனியாற்றுத் தண்ணீரை மலைவிளிம்பு வழியாக நடத்திக்கொண்டு வந்தார்கள். பிரெஞ்சில் பிஸ், ஜேர்மனில் சுவோனென். ஆயான் ஊரின் பிஸ் 1442ல் வெட்டியது. செங்குத்துப் பாறையில் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். சுவிஸில் இருப்பவர்கள் பணப்பையைத் திறந்து புதிய 100 பிராங் தாளைத் திருப்பிப் பாருங்கள், அந்த வாய்க்கால்தான். சியோனுக்கு மேலே கொடிகளுக்கு நடுவால் ஓடும் கிளாவோ பிஸ் 1453ல் வந்தது. இன்றும் ஓடுகிறது.

வாய்க்காலில் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் வைத்து, அது சுற்றச் சுற்ற ஒரு மரச்சுத்தியல் பலகையில் தட்டும்படி செய்திருப்பார்கள். காவல்காரர் தூங்கினாலும் காது அந்தத் தட்டலில் இருக்கும். சத்தம் நின்றால் மேலே எங்கோ உடைந்துவிட்டது, எழும்பி ஓட வேண்டும். யாருக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் என்பதை மரக்குச்சியில் வெட்டிக் குறித்து வைப்பார்கள்.

இதை ஒரு அருங்காட்சியகத்தில் முதன்முதல் பார்த்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் வளவுக்குப் பக்கத்தில் பங்குக் கிணறு. எட்டுப் பேருக்குப் பங்கு, முறை வைத்து இறைப்பு. காணி உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றுப் பங்கு எழுதியிருக்கும். முறை தவறினால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். அந்தத் தண்ணீரில்தான் முந்திரிகை, அதாவது திராட்சைப் பந்தல் வைத்திருந்தோம். செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். அங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி உறங்காது. நாம் கவாத்துப் பண்ணிப் பண்ணித்தான் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்க வைத்தோம். இங்கே குளிர் அந்த வேலையைச் செய்கிறது. தண்ணீருக்கு மனிதர் படும் பாடு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

2024 மார்ச் 17

இரண்டு வாரமாகச் சுவர் வேலை. இதைப்பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மண் என்று பேசிவிட்டுச் சுவரை விட முடியாது.

வலேயின் படிக்கட்டுத் தோட்டங்களைத் தாங்கும் கற்சுவர்கள் எல்லாம் சேர்த்து 3000 கிலோமீற்றர் என்பார்கள். சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல், இடுக்கில் சின்னக் கல். சியோன் அருகே 20 மீற்றர் உயரத்துக்கு எழும்பிய சுவரும் உண்டு. சாந்து பூசாததற்குக் காரணம் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் இடுக்குகளால் வெளியேற வேண்டும். அடைத்துவிட்டால் பின்னால் ஈரம் சேர்ந்து, இரவில் உறைந்து விரிந்து, சுவரைத் தள்ளிவிடும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் குளிர்காலம் முடிந்தால் சில இடம் வயிறு தள்ளி நிற்கும். அதைப் பிரித்துத் திரும்ப அடுக்க வேண்டும். பகலில் சூடேறிய சுவர் இரவில் கொடியின் முதுகுக்கு அடுப்பு மாதிரி.

அப்புறம் மண். ஒவ்வொரு மழைக்கும் மண் கொஞ்சம் கீழே இறங்கும். முன்பு அதைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போட்டார்கள். இப்போது தண்டவாளத்தில் ஏறும் சின்ன வண்டி சில இடத்தில் உண்டு. எங்கள் மேல் படிகளுக்கு அது வராது. நேற்று நான் சுமந்தது பதினொரு கூடை. "இயற்கை கொடுத்த மண்" என்று விளம்பரத்தில் படிக்கும்போது எனக்கு உடன்பாடு வராமல் போவது இதனால்தான். இந்தச் சரிவில் விட்டால் மண் தானாக நிற்காது.

2024 ஏப்ரல் 21

இரவு முழுக்க விழிப்பு. குளிர் இறங்கும் என்று சொன்னார்கள். கீழ்த் தோட்டத்தில் மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்திருந்தோம். 2017 ஏப்ரலை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் தளிர் வந்தபிறகு உறைபனி விழுந்து, காலையில் பள்ளத்தாக்கு முழுக்கத் தளிர்கள் கறுத்துத் தொங்கின.

குளிர் காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து அடியில் தேங்கும். நடுச்சரிவில் இருப்பவன் தப்புவான். கனமான நல்ல மண் அடியில்தான் இருக்கிறது. நல்ல மண்ணை விட்டுவிட்டு முன்னோர் ஏன் கல்லில் ஏறினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தப்பித்தோமா என்று இரண்டு நாளில்தான் தெரியும்.

2024 ஏப்ரல் 24

கீழே இரண்டு வரிசையில் பாதிப்பு. மேலே ஒன்றும் இல்லை.

2024 ஜூலை 7

விசாரித்தவர்களுக்கு நன்றி. ஜூன் கடைசி வெள்ளத்தில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சியேர், ஷிப்பி பக்கம் ரோன் கரைமீறி ஓடியது. தொழிற்சாலைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் தண்ணீரும் சேறும்.

ஷமோசோன் விசிறி என்று நவம்பரில் லேசாக எழுதிவிட்டுப் போனேன். 2019 ஆகஸ்டில் அங்கே லொசாந்ஸ் ஓடை பொங்கி வந்து ஒரு காரை அடித்துக்கொண்டு போனது, இருவர் இறந்தார்கள். அந்தச் சரளை மண்ணைக் கொண்டுவந்ததும் அதே ஓடைதான். இதே மாதிரி வெள்ளங்களில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. அந்த ஊர் ஜொஹானிஸ்பெர்க்கைக் குடிக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

பனியாறுகளும் சுருங்குகின்றன. 2022லும் 2023லும் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. இப்போதைக்குக் கோடையில் வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. அது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும் தண்ணீர். முதலாளியின் மகன் புதுக் கொடி வைக்கும்போது ஆர்வீனை இன்னும் மேலே, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து வைக்கிறான். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

2024 செப்டம்பர் 29

தம்பி கடைசியில் போத்தலின் பெயரைச் சொல்லிவிட்டார். ஃபாந்தான். அதாவது ஷாஸ்லா வகை, சியோன் பக்கச் சிலேட் சரிவு. கேட்டதும் என் முதல் பதிலைத் திரும்ப வாசித்தேன். "வராது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

ஷாஸ்லாவுக்குப் பழ வாசனை மிகக் குறைவு. வாசனை குறைந்த வைனில் மற்றதெல்லாம் எடுப்பாகத் தெரியும், புளிப்பும் நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களும். தீக்கல் உரசிய மாதிரி ஒரு மணம் அவற்றிலிருந்து வருவது தெரிந்த விஷயம். சரி, இது கல் இல்லை, ஈஸ்ட் செய்த வேலை என்று அத்தோடு விட்டிருப்பேன்.

ஆனால் ஈஸ்ட் ஏன் அந்த மணத்தை உண்டாக்குகிறது? பழச்சாற்றில் நைதரசன் போதாவிட்டால் கந்தக நாற்றம் கூடும். நைதரசன் ஏன் போதவில்லை? மெல்லிய, காய்ந்த மண்ணில் கொடிக்கு நைதரசன் கிடைப்பதில்லை. ஈரம் இல்லாமல் அது வேருக்குள் ஏறாது. பட்டினி அளவோடு இருந்தால் நீங்கள் சொன்ன கல் மாதிரியான ருசி. அளவு மீறினால் ஷாஸ்லாவில் கசப்பு வந்துவிடும். ஒரு கோடையில் மேல் படிக்குத் தண்ணீர் காணாமல் போய், அந்த வருட வைனைப் பலர் திருப்பிக் கொடுத்தார்கள், அது நன்றாக நினைவிருக்கிறது.

பொட்டாசியமும் அப்படித்தான். கூடினால் வைனின் புளிப்பு மங்கும். நேரடியாக ருசிக்காது, ஆனாலும் மாற்றிவிடும்.

ஆகவே இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: சிலேட் உங்கள் குவளைக்குள் வரவில்லை. சிலேட்டில் இல்லாதது வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாதது, நைதரசன் இல்லாதது. உங்கள் நாக்குப் பொய் சொல்லவில்லை தம்பி. நான்தான் அவசரப்பட்டு மறுத்தேன்.

2024 அக்டோபர் 13

வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. சியோன் நிலையத்தில் இறங்கிக் கிளாவோ வாய்க்கால் பாதை எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அங்கிருந்து சென் லெயோனார் வரை ஆறுதலாக நடந்தால் இரண்டு மூன்று மணிநேரம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சுவர். கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்குமுன் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், ஆகவே இந்த மாதத்துக்குள் வாருங்கள். ஆர்வீன் இன்னும் மேல் படியில் நிற்கிறது. வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் உங்களுக்கும் குலை வெட்டும் கத்தரி ஒன்று எடுத்து வைப்பேன்.